பல்லக்காவும் ஏழாவது கதவும்

பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவளைத் தெரு வேறு எப்படிக் கூப்பிடும்? எல்லோருக்கும் அவள் பல்லக்காதான். பெட்டிக்கடைக்காரர் முதல் மூன்றாம் மாடி வாத்தியார் வரை, அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடுக்கில்லாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதையே பல வருடங்கள் செய்து அவள் கண் ஒரு தினுசாகப் பழகிப்போயிருந்தது. யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் சிரிப்பு கண்ணில் படாது, பல்தான் படும். எங்கேயாவது இடைவெளி தெரிந்தால் அவளுக்குக் கை பரபரக்கும்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களும் கேட்டு அலுத்து விட்டுவிட்டார்கள். கணவர் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். போனால் இரண்டு நாள் கழித்து வருவார், வந்தால் தூங்குவார், எழுந்தால் மறுபடி கிளம்புவார். நல்ல மனிதர். உலகத்தில் எது நடந்தாலும் "இருக்கட்டும், விடு" என்று ஒரே பதில் வைத்திருந்தார்.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு காலையில் நாத்தனார் வந்து இறங்கினாள். அவள் கணவருக்குக் கடைசித் தங்கை. கையில் இரண்டு பைகள், துண்டில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. தானாவது கேட்டிருக்க வேண்டும் என்று பல்லக்காவுக்குத் தோன்றியபோது, கேட்கும் நேரம் தாண்டிப்போயிருந்தது.

துண்டில் சுற்றி வந்தது ஒரு வீடியோ கேம் பெட்டி. நாத்தனார் அதை டிவியோடு இணைத்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். பல்லக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் சோபாவில் இருப்பாள், சாயங்காலம் திரும்பும்போதும் அதே சோபாவில் அதே மூலையில் இருப்பாள். திரைச்சீலை மூடியிருக்கும். ஹால் முழுக்க நீல வெளிச்சம். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் வரும். சில சமயம் அதுவும் வராது. பல்லக்கா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவள் வீட்டுப் பாத்திரங்கள் அவளுக்காகப் பேசின. தட்டு ஒரு பக்கம் ணங்கென்று விழும், மூடி ஒரு பக்கம் உருளும். நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கணவரிடம் முறையிட்டால் வழக்கமான பதில்தான்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் பல்லக்கா லேப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கணுக்கால் வீங்கிவிட்டது. காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் அவள் அதே சோபாவின் மறு மூலையில், ஸ்டூலில் காலை நீட்டி உட்கார வேண்டியதாயிற்று. நாத்தனார் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், மருந்தைத் தவறாமல் எடுத்து வைத்தாள். பேசத்தான் இல்லை. பார்ப்பதற்கு டிவி திரையைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் பல்லக்கா அதையே பார்த்தாள்.

திரையில் சிவப்பு முக்காடு போட்ட ஒரு சின்ன மந்திரக்காரி காடு மலையெல்லாம் நடந்தாள். வழியில் ஏழு பெரிய கதவுகள். ஒவ்வொன்றையும் ஒரு காவலாளி காத்து நின்றான். அவனை வெல்ல வாள் கிடையாது, வில் கிடையாது, மந்திரம்தான். அந்த மந்திரத்தைத் தானே கட்ட வேண்டும். சண்டை தொடங்கும் முன் ஒரு பலகை வரும், சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்டது. நடுக் கட்டத்தில் ஒரு விதை மின்னும். கையில் இருக்கும் சில்லுகளை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். சிவப்புச் சில்லு நெருப்பு, நீலம் நீர், வெள்ளை காற்று, சாம்பல் நிறம் கல். ஒவ்வொரு சில்லின் மேலும் வளைந்தும் நெளிந்தும் ஒரு கோடு. விதையில் தொடங்கும் கோடு சில்லுக்குச் சில்லு அறுபடாமல் ஓடி, பலகையின் விளிம்பை எட்ட வேண்டும். எந்தப் பக்க விளிம்பைத் தொடுகிறதோ அந்தப் பக்கம் மந்திரம் பாயும்.

இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பிடிபட்டதுதான். மூன்றாம் நாள் மத்தியானம் அவளையும் மீறி வாய் திறந்துவிட்டது.

"அந்த மூலையில கோடு சேரல."

நாத்தனார் திரும்பவில்லை. "எந்த மூலை?"

"வலது பக்கம், கீழ. பக்கத்துச் சில்லோட கோடு அரை விரல் தள்ளி நிக்குது பாரு."

சரியாகத்தான் சொன்னாள். நாத்தனார் சற்று நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த ரிமோட்டை அவள் மடியில் போட்டாள். "அப்போ நீங்களே வைங்க அண்ணி."

அந்தக் குரலில் கொஞ்சம் சவால் இருந்தது. பல்லக்காவும் விடவில்லை. கோட்டோடு கோடு சேர்த்து, கட்டம் ஒன்று விடாமல், பல் நடுவது போலச் சில்லுகளை நட்டாள். அழகாக இருந்தது. பொத்தானை அமுக்கினாள். நெருப்பு குபீரென்று கிளம்பி, காவலாளி இருந்த திசையை ஏறெடுத்தும் பார்க்காமல் திரும்பி வந்து, மந்திரக்காரியின் முக்காட்டைப் பிடித்து எரித்தது. பக்கத்தில் இருந்த குடிசையும் சேர்ந்து எரிந்தது.

நாத்தனார் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"எதிரிய விட்டுட்டு நம்ம பொண்ணையே கொளுத்திட்டீங்களே அண்ணி!"

அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குத் தன் அண்ணனைப் போலவே சிரிக்கும்போது ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும் என்பது பல்லக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கால் சரியானது. விளையாட்டு விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டுப் பல்லக்கா சோபாவின் தன் மூலையில் உட்கார்ந்துவிடுவாள். நாத்தனார் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தாள்: நெருப்பும் நீரும் ஒட்டினால் ஆவி, அது காவலாளியின் கண்ணை மறைக்கும்; நீரும் கல்லும் சேர்ந்தால் சேறு, அவன் கால் புதையும்; காற்று தொட்டதையெல்லாம் ஊதிப் பெருக்கும். அவளுக்குத் தெரியாததும் ஒன்று இருந்தது. நாலாவது கதவிலேயே மாதக்கணக்கில் நிற்பதாகச் சொன்னாள். அங்கே காற்று மந்திரம் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டினால் ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வந்து, கட்டியவளையே தூக்கி அடித்தது. நாத்தனார் வேகக்காரி. சில்லுகளை மளமளவென்று அடுக்கி, தோற்று, ரிமோட்டைச் சோபாவில் எறிந்து, மறுபடி எடுப்பாள். பல்லக்கா ஆமை. ஒரு சில்லு வைக்க ஒரு யுகம் எடுப்பாள். இரண்டு பேருக்கும் இதில் சண்டை வந்தது. ஒன்றுமே பேசாமல் இருந்ததற்குச் சண்டை எவ்வளவோ தேவலை என்று பல்லக்கா உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள்.

லேபிலும் அதே நினைப்பு. ஒரு நாள் பிளாஸ்டர் காயும் நேரத்தில் மெழுகுத் துண்டுகளைக் கட்டம் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, இது எந்தப் பேஷண்டுக்கு, வாய் சதுரமாக இருக்கிறதே என்று கேட்டார். பூதத்துக்கு என்று சொல்லலாமா என்று யோசித்து, மெழுகை வாரி டப்பாவில் போட்டாள்.

செய்து முடித்த பல் செட் சில சமயம் வாயில் சரியாக உட்காராது. எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்போது நடுவில் ஒரு வண்ணத் தாளை வைத்துக் கடிக்கவிட்டு, சாயம் ஒட்டிய இடத்தை மட்டும் துளி ராவுவார்கள். மறுபடி கடி, மறுபடி ராவல். முழுதையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கமாட்டார்கள். நாலாவது கதவில் தோற்றுத் தோற்று வெறுத்துப்போன ஒரு சாயங்காலம், பல்லக்கா அந்த வேலையைப் பலகையில் செய்து பார்த்தாள். நிரம்பிய பலகையில் ஒரே ஒரு சில்லை எடுத்தாள். மந்திரத்தை ஏவினாள். தோற்றாள். அதைத் திரும்ப வைத்து வேறொன்றை எடுத்தாள். நாத்தனாருக்குப் பொறுமை போய், துணி மடிக்க எழுந்துவிட்டாள்.

வெள்ளைச் சில்லுக்குப் பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டபோது காற்று திரும்பி வரவில்லை. வெற்றுக் கட்டத்துக்குள் ஒரு சுழற்சி சுழன்று, மூச்சு வாங்கியது போல உப்பி, நேராகப் போய்க் காவலாளியை மலைக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டது. கதவு திறந்தது.

நாத்தனார் மடித்த துணியோடு நின்றுவிட்டாள். "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஒரு இடத்த விட்டேன்."

அதன் பிறகு விளையாட்டே வேறாகிவிட்டது. நிறையச் சில்லு வைத்தால் நிறையப் பலம் என்று இரண்டு பேரும் அதுவரை நம்பியிருந்தார்கள். இப்போது எங்கே வைக்கக் கூடாது என்று தேடத் தொடங்கினார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் இடம் விட்டால் அது அணையாமல் நின்று எரிந்தது. நீருக்குப் பக்கத்தில் விட்டால் தேங்கி, பிறகு ஒரேயடியாகப் பாய்ந்தது. கல்லுக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லை. "கல்லு கல்லுதான்" என்றாள் நாத்தனார்.

அப்படிப் பேச்சோடு பேச்சாகத்தான் அவள் தன் கதையையும் சொன்னாள். கண் திரையில் இருக்கும். வார்த்தை மட்டும் பக்கவாட்டில் வரும். கல்யாணத்துக்கு முன் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்த்ததையும், கணவன் சொல்லி அதை விட்டதையும் சொன்னாள். அவன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. அதனால் யாரிடம் என்னவென்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தக் கூட்டுவாரு அண்ணி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

மந்திரக்காரி அப்போது ஒரு பாலத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். பல்லக்கா விளையாட்டை நிறுத்தினாள். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். புத்தி எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். அதற்கு வெகு நேரம் பிடித்தது.

ஆறாவது கதவும் திறந்து ஏழாவதை எட்டிப் பார்த்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கணவன் வந்தான். அண்ணன் வண்டியில் போயிருந்தார். பல்லக்காதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி, உக்காருங்க."

"இல்லக்கா, அவசரம். அந்தக் கேம் பெட்டி என்னோடது. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மரியாதையாகத்தான் பேசினான். பல்வரிசையும் குறை சொல்ல முடியாதது. ஆனால் நாலு அடி தள்ளி நின்ற மனைவியை அவன் கண் தொடவில்லை, டிவி மேசையைத்தான் தொட்டது. பல்லக்காவுக்கு நாக்கு நுனி வரை ஏதோ வந்தது. அதற்குள் நாத்தனார் குனிந்து வயர்களைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொன்றையும் சிக்கில்லாமல் சுற்றினாள். கொண்டுவந்த அதே துண்டில் பெட்டியைப் பொதிந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் வாசல் வரை போய், நினைவு வந்தது போலத் திரும்பினான்.

"வீட்டுக்கு எப்ப வர்ற?"

"வரல."

"என்ன, ஒரு பெட்டிக்காகவா?"

"பெட்டியத்தான் குடுத்துட்டேனே" என்றாள் அவள்.

அவன் அவளுக்கும் தனக்கும் நடுவில் இருந்த தரையைப் பார்த்தான். பிறகு படி இறங்கிப் போனான்.

டிவி மேசையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று தெரிந்தது. நாத்தனார் அழவில்லை, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. எல்லாம் அதற்குள்தான் இருந்தது, ஆறு கதவும் போயிற்று, இனிமேல் முதலிலிருந்து தொடங்க யாரால் முடியும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னது கதவைப் பற்றி மட்டும் இல்லை என்பது பல்லக்காவுக்குப் புரிந்தது. லேபில் முடித்து வைத்த செட் கைதவறி உடைவது உண்டு. உடைந்த அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் அதே வாய்க்கு இரண்டாவது தடவை செய்யும்போது பாதி நேரம்கூட ஆகாது. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொல்லாமலே விட்டாள். போனில் கணவரிடம் நடந்ததை மட்டும் ஒப்பித்தாள். மறுமுனையில் வெகு நேரம் இன்ஜின் சத்தம்தான் கேட்டது. "இருக்கட்டும், விடு" வரவில்லை.

அடுத்த தடவை அவர் வீட்டுக்கு வந்தபோது கக்கத்தில் ஒரு போர்வை மூட்டை இருந்தது. அவர் வண்டிக் கண்டக்டரின் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுடைய கேம் பெட்டி பரணில் கிடந்ததாம். டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்து, பள்ளம் மேடெல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்டிக் கொண்டுவந்திருந்தார். ரிமோட்டில் ஒரு பொத்தான் அமுக்கினால் மேலே வராது. நகத்தால் நெம்ப வேண்டும்.

"இதுதானா பாரு. நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நாத்தனார் வந்து உட்காரவில்லை. பெட்டிக்குள் அந்த விளையாட்டும் இருந்தது. பல்லக்கா தனியாகவே தொடங்கினாள். அதே காடு, அதே மலை, சில்லுப் பையில் ஒன்றுமில்லாத அதே சிவப்பு முக்காட்டுக்காரி. ஆனால் முன்னே நாத்தனாருக்கு வாரக்கணக்கில் தண்ணி காட்டிய முதல் கதவு இப்போது ஒரே முயற்சியில் திறந்தது. முன்னே பலகை நிறைய அடுக்கியதை இப்போது நாலைந்து சில்லுகளில் கட்டினாள். இரண்டாவது கதவில் அவள் நின்று யோசித்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அங்க கல்ல வைங்க அண்ணி. கல்லு கோட்டத் திருப்பி விடும்."

"கல்லு கல்லுதான்னு நீதானே சொன்ன?"

"அப்போ தெரியல. படுத்துக் கிடக்கும்போது யோசிச்சேன்."

கையில் கரண்டியோடு வந்தவள் கரண்டியோடே உட்கார்ந்தாள். அன்றைக்கு அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துவிட்டது. மூன்று பேரும் அதையே சாப்பிட்டார்கள்.

அவள் படுத்துக் கிடந்தபோது யோசித்தது கல்லைப் பற்றி மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. பழைய ஆஸ்பத்திரித் தோழியைக் கூப்பிட்டுப் பேசியிருந்தாள். ஒரு கண் டாக்டரிடம் வரவேற்பில் ஆள் தேவை என்று தெரிந்து, போய்ப் பார்த்து, வேலையோடு திரும்பி வந்தாள். இப்போது இரண்டு பேரும் காலையில் ஒரே நேரத்தில் குளியலறைக்கு அடித்துக்கொண்டார்கள். விளையாட்டு சாயங்காலத்தில் கொஞ்ச நேரம்தான். திரைச்சீலையைத் திறந்து வைத்துக்கொண்டே ஆடினார்கள். வெளிச்சத்தில் திரை சரியாகத் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டே ஆடினார்கள்.

ஏழாவது கதவின் காவலாளி பனியால் ஆனவன். அவன் சண்டை போடவே இல்லை. எதை எறிந்தாலும் இரண்டு மடங்காகத் திருப்பித் தந்தான். நெருப்பை எறிந்தால் இரண்டு மடங்கு நெருப்பு, சேற்றை எறிந்தால் கழுத்து வரை சேறு. ஆவி, இடி, மின்னல் என்று கற்ற வித்தையெல்லாம் காட்டியாகிவிட்டது. நாளாக ஆக நாத்தனாருக்குப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. பல்லக்கா லேபில் யோசித்தாள், பஸ் ஸ்டாப்பில் யோசித்தாள், ஒரு தடவை தன் பஸ்ஸையே விட்டுவிட்டாள்.

மூன்று பேரும் வீட்டில் இருந்த ஒரு விடுமுறை நாளில்தான் அது நடந்தது. கணவர் பேப்பரை விரித்துக்கொண்டு, பேப்பருக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் போட்ட வாக்குவாதத்தில் பாதி அவருக்கு விளங்கவில்லை.

"எது போனாலும் திருப்பிக் குடுத்துடுறான். என்னதான் செய்றது?" என்றாள் நாத்தனார்.

பல்லக்கா பலகையில் ஒரு சில்லை எடுத்து, மறுபடி அங்கேயே வைத்தாள். நாத்தனாரே, தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னாள். "குடுத்தா வாங்கிக்கணும். இவ்வளவு நாளா விலகி ஓடிட்டே இருக்கோம்."

"எங்க வச்சு வாங்குறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பலகையின் ஓரத்தைப் பார்த்தார்கள். இதுவரை வெற்றுக் கட்டங்களை உள்ளே, சில்லுகளுக்கு நடுவில்தான் விட்டிருந்தார்கள். விளிம்பில், அவன் நிற்கும் பக்கத்தில் ஒரு கட்டத்தை விட்டுப் பார்த்ததே இல்லை. பல்லக்கா ஒரு வெள்ளைச் சில்லால் காற்றை மட்டும் அவனை நோக்கி ஓட்டினாள். அதற்குப் பக்கத்தில் விளிம்பைத் திறந்து விட்டாள். திறப்புக்குள் வருவது திரும்பட்டும் என்று நாத்தனார் ஒரு கல்லை வைக்கச் சொன்னாள். கல்லைத் தாண்டி ஒரு நெருப்பு. நெருப்பின் கோடு கதவைப் பார்த்து முடிந்தது. பலகையில் பாதிக்கு மேல் காலி.

"இது போதுமா?" என்று கேட்டார் கணவர், பேப்பரை மடித்துவிட்டு.

பொத்தானை அமுக்கி, நகத்தால் நெம்பிவிட்டாள் பல்லக்கா. சின்னக் காற்று ஒன்று போயிற்று. பனிக் காவலாளி வழக்கம் போல இரண்டு மடங்காக அதைத் திருப்பி அனுப்பினான். அது திறப்பு வழியே நுழைந்து, கல்லில் மோதித் திரும்பி, நெருப்பைத் தொட்டது. அவர்கள் தனியாகக் கட்டி ஒருநாளும் வராத அளவுக்கு அந்த நெருப்பு பெரிதாகி, நேராகப் போய்க் கதவை உருக்கியது. காவலாளி தன் இடத்தில் அப்படியே நின்றான். மந்திரக்காரி அவனைத் தாண்டி நடந்து போனாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் விளையாட்டு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். முடியவில்லை. அங்கே ஒரு கடல் இருந்தது. கரையில் ஒரு படகு, படகில் ஒரு பலகை. பழையதைவிடப் பெரியது. பக்கத்தில் அவர்கள் இதுவரை பார்த்திராத மஞ்சள் சில்லு ஒன்று, அதன் மேல் கோடே இல்லை.

"கோடு இல்லாம எப்படி?" என்றாள் பல்லக்கா.

கணவர் டீ கிடைக்குமா என்று கேட்டார். அவரே போட்டுக் குடிக்கலாம், கூடவே இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடலாம் என்று அவருக்கு ஒரே குரலில் சொல்லப்பட்டது. அவர் எழுந்து போனார்.

நாத்தனார் சோபாவில் நகர்ந்து வந்து கையை நீட்டினாள். "குடுங்க அண்ணி. இந்தத் தடவ முதல்ல நான் தோக்குறேன்."